கவனச் சிரமமுள்ள பிள்ளைக்கும் பெரியவருக்கும்: வன்னிக் குடும்பங்களுக்கான ஒரு வழிகாட்டி

"பிராக்குப் பாக்கிறான்", "குழப்படி கூடிப்போச்சு", "சொன்னது ஒண்டும் மண்டைக்குள்ள நிக்குதில்லை" என்ற முறைப்பாடுகளோடு பாடசாலையிலிருந்து அழைப்பு வரும்போது, பெரும்பாலான வீடுகளில் பிள்ளைக்கு அடி விழுகிறது, அல்லது வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் செய்யக்கூடியவை ஏராளம் உண்டு. அவற்றில் பலவற்றுக்குப் பணமும் தேவையில்லை, தூரப் பயணமும் தேவையில்லை. இப்படியான கவனச் சிரமத்தை முதன்முதலாக எதிர்கொள்ளும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும், தம்மைப் பற்றியே இப்படியொரு சந்தேகம் எழுந்திருக்கும் பெரியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நோயை நிர்ணயிப்பது வைத்தியரின் வேலை. வைத்தியரிடம் போகும் முன்னரும் போய் வந்த பின்னரும் வீட்டிலும் வகுப்பிலும் என்ன செய்வது என்பதையே இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தெரிந்திருக்க வேண்டியவை

பழைய சைக்கிள் ஒன்றைக் கழற்றிப் பூட்டுவதில் இரண்டு மணிநேரம் அசையாமல் குந்தியிருக்கும் சிறுவன், சுற்றாடல் பாடக் கேள்வி ஒன்றுக்கு விடை எழுதப் பத்து நிமிடம் இருக்கமாட்டான். இதைக் காணும் எவரும் "விருப்பமிருந்தால் செய்யிறான் தானே, இது கள்ளம்" என்றுதான் சொல்வார்கள். அந்த முடிவு பிழையானது. அவனிடம் கவனம் நிறைய இருக்கிறது. அதைத் தேவையான நேரத்தில் தேவையான இடத்துக்குத் திருப்புவதும், அங்கே பிடித்து வைத்திருப்பதும், வேலை முடிந்ததும் விடுவித்து அடுத்ததற்குக் கொண்டுபோவதும் மூளையின் முன்பகுதியை மையமாகக் கொண்ட நிருவாகச் செயல்கள். ஏ.டி.எச்.டி எனப்படும் கவனக்குறை மிகையியக்க நிலை உள்ளவர்களில் இந்தச் செயல்கள் வேறுவிதமாக இயங்குகின்றன. ஒரு விடயம் புதிதாகவோ, அவசரமானதாகவோ, மனதுக்குப் பிடித்ததாகவோ இருந்தால் கவனம் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும். முக்கியமானது என்ற ஒரே காரணத்துக்காக அது போய் ஒட்டாது.

உலகளவில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இந்த நிலை உண்டு என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் மதிப்பிடுகிறார்கள். நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் சராசரியாக இரண்டு பேர் என்று அதை எடுத்துக்கொள்ளலாம். இரட்டையர்களிடம் நடந்த ஆய்வுகள் இதில் பரம்பரையின் பங்கு 70 வீதத்துக்கும் மேல் என்று காட்டியுள்ளன. எனவே "நானும் சின்னனில இப்பிடித்தான் இருந்தனான்" என்று தகப்பன் ஒருவர் சொன்னால், அதைப் பிரச்சினை இல்லை என்பதற்கான சாட்சியாகக் கொள்ளாமல், பரம்பரைத் தொடர்புக்கான ஒரு தடயமாகக் குறித்துக்கொள்ளுங்கள். வளர்ப்புப் பிழையாலோ சீனி கூடுதலாகச் சாப்பிட்டதாலோ இது வருவதில்லை. தாய்மார் தம்மைக் குற்றவாளிகளாக நினைத்து அழுவதை இனியாவது நிறுத்த வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 என்ற நோய் நிர்ணயக் கையேடு இதில் மூன்று வெளிப்பாடுகளைக் கூறுகிறது: கவனம் நிலைக்காமை மேலோங்கியது, துடியாட்டமும் அவசரமும் மேலோங்கியது, இரண்டும் கலந்தது. துடியாட்டமான பையன் எல்லோர் கண்ணிலும் படுவான். பின் வாங்கில் சத்தமில்லாமல் இருந்து, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, கொப்பியில் பாதி வரியோடு நின்றுவிடும் பெண்பிள்ளை யார் கண்ணிலும் படமாட்டாள். அவளால் வகுப்பில் எவருக்கும் தொந்தரவு இல்லை, ஆகவே முறைப்பாடும் இல்லை. ஆசிரியர்கள் முதலில் தேட வேண்டியது அவளைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

ஓட்டிசம், அதாவது பிறரோடு பழகுவதும் சுற்றுப்புறத்தை உணர்வதும் வேறுவிதமாக அமைந்த வளர்ச்சி நிலை, உள்ளவர்களிடம் காணப்படும் கவனச் சிரமம் சற்று வேறுபட்டது. அவர்களுடைய கவனம் ஒரே நேரத்தில் ஒரு விடயத்துக்குள் ஆழமாக இறங்கிவிடுகிறது, அதிலிருந்து வெளியே இழுக்கப்படுவது அவர்களுக்கு உண்மையான வேதனை. டைனா மரே, மைக் லெசர், வென் லோசன் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 2005இல் வெளியிட்ட கட்டுரை இதை விளக்கமாக முன்வைத்தது. ஓட்டிசமும் ஏ.டி.எச்.டியும் ஒருவரிடமே சேர்ந்திருக்கக்கூடும். டி.எஸ்.எம்-5 வரும்வரை அந்தக் கையேட்டு வரிசையில் இரண்டையும் ஒருவருக்கே நிர்ணயிக்க இடமிருக்கவில்லை. வாசிப்புச் சிரமமான டிஸ்லெக்சியாவும் பல தடவை கூடவே இருக்கும்.

முதலாம் படி: இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து, தேதி, நேரம், இடம், செய்த வேலை, அதற்குச் சற்று முன் நடந்தது, எவ்வளவு நேரம் கவனம் நின்றது என்பவற்றை நாளுக்கு இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள். "குழப்படி செய்தான்" என்று எழுதினால் எவருக்கும் பயனில்லை. "பின்னேரம் நாலரைக்குத் தமிழ்க் கொப்பி எடுத்தான், மூன்று வரி எழுதினான், ரோட்டில் ஐஸ்கிறீம் வாகனம் போனது, எழும்பி ஓடினான், திரும்பி வந்தபோது கொப்பியை எங்கே வைத்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை" என்று எழுதினால் வைத்தியரால் அதை வாசித்து ஒரு முடிவை நோக்கி நகர முடியும். கவனம் நன்றாக நின்ற நேரங்களையும் மறவாமல் எழுதுங்கள், பின்னர் வீட்டில் ஒழுங்கு செய்யும்போது அவைதான் கைகொடுக்கும்.

வகுப்பாசிரியரிடமும் இதேபோன்ற சிறு குறிப்பு ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் தெரியும் சிரமத்தை ஏ.டி.எச்.டி என்று வைத்தியர்கள் கொள்வதில்லை. வீடு, பாடசாலை, ரியூசன் எனக் குறைந்தது இரண்டு இடங்களில், ஆறு மாதமாவது தொடர்ந்து, வயதுக்குப் பொருந்தாத அளவில், 12 வயதுக்கு முன்பே தொடங்கியதாக இருக்க வேண்டும் என்பது டி.எஸ்.எம்-5இன் அளவுகோல். கணித வகுப்பில் மட்டும் கவனம் சிதறுகிறது என்றால் முதலில் அந்த வகுப்பைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: வேறு காரணங்களைத் தேடுங்கள்

இந்தப் படியை எவரும் தாண்டிப் போகக்கூடாது. வன்னியில் இதற்கு மற்ற இடங்களை விட அதிக நேரம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

உடலில் இருந்து தொடங்குவோம். பிள்ளைக்குக் கரும்பலகை தெளிவாகத் தெரிகிறதா? காதால் சீழ் வடிந்த வரலாறு உண்டா, பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறதா? வாயைத் திறந்தபடி குறட்டையோடு நித்திரை கொள்கிறதா? இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறது? காலையில் சாப்பிட்டதா, அல்லது வெறும் தேத்தண்ணியோடு பஸ் ஏறியதா? கண் இமையின் உட்பக்கம் வெளிறியிருந்தால் இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கு இரத்தப் பரிசோதனை தேவை. தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்கு நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் இவற்றில் சில பார்க்கப்படுகின்றன, ஆனால் அந்த முறை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். பிள்ளை கதைத்துக்கொண்டிருக்கும்போதே சில விநாடிகள் சட்டென்று நின்று, கண் வெறித்து, தொட்டாலும் உணராமல் இருந்து, பின் ஒன்றும் நடக்காததுபோல் தொடர்கிறதா? அது பகற்கனவு அல்ல, ஒருவகை வலிப்பாக இருக்கலாம். இயன்றால் தொலைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

அடுத்தது மனக்காயம். அச்சத்தில் வாழ்ந்த மூளை ஆபத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். சிறு சத்தத்துக்கும் திடுக்கிடும், நித்திரையில் அலறும், பாடத்தில் நிற்காது. வெளியிலிருந்து பார்த்தால் அது ஏ.டி.எச்.டியைப் போலவே தெரியும். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் இப்போது இளைஞர்கள். இன்று பாடசாலையில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அதன் பின்னர் பிறந்தவர்கள். ஆனாலும் காணாமலாக்கப்பட்ட மாமாவின் படத்துக்கு முன்னால், இரவில் நித்திரை கொள்ளாத தகப்பனோடு, தவணைக் கடனுக்கு ஆள் வரும் வீட்டில் வளரும் பிள்ளையின் கவனத்தைப் போருக்குத் தொடர்பில்லாதது என்று சொல்லிவிட முடியாது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களிடையே செய்த ஆய்வில், போரின் காயம் தனியாளோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துப் பாதிக்கும் கூட்டு மனவடுவாக இருப்பதை விரிவாக விளக்கியுள்ளார்.

இரண்டையும் பிரித்தறிய உதவும் கேள்வி ஒன்று உண்டு: இது எப்போது தொடங்கியது? ஒரு சம்பவத்துக்குப் பிறகு, ஓர் இழப்புக்குப் பிறகு, வீட்டில் குடிப்பிரச்சினை தொடங்கிய பிறகு என்று ஒரு தொடக்கத்தைச் சொல்ல முடிந்தால் அந்தப் பக்கமாகத் தேட வேண்டும். நடை பழகிய நாளிலிருந்தே இப்படித்தான் என்றால் வேறு பக்கம். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் அபூர்வமல்ல. அப்போது இரண்டுக்கும் உதவி தேவை, ஒன்றைக் காரணம் காட்டி மற்றதைக் கைவிடக்கூடாது.

பெரியவர்களில் இன்னொரு காரணத்தையும் பார்க்க வேண்டும். தலையில் செல் துண்டு பட்டவர்கள், குண்டுவெடிப்பின் அதிர்வில் மயங்கி விழுந்தவர்கள் ஆகியோரின் கவனமும் ஞாபகமும் அந்தக் காயத்தாலேயே குறைந்திருக்கலாம். அதற்கான மருத்துவ வழி வேறு. வைத்தியர் கேட்காவிட்டாலும் இந்த வரலாற்றை நீங்களாகவே சொல்லுங்கள்.

மூன்றாம் படி: வைத்தியரிடம் போதல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களின் பொது வைத்தியசாலைகளிலும் உளநலச் சேவை உண்டு, அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணம் இல்லை. துணுக்காய், ஒட்டுசுட்டான் போன்ற உட்பகுதிகளில் இருப்பவர்கள், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டால், எந்த நாளில் எங்கே கிளினிக் நடக்கிறது என்று சொல்லுவார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் "இண்டைக்கு இல்லை" என்று திரும்பி வருவதை அந்த ஒரு விசாரிப்புத் தவிர்க்கும். சிறுவர் மனநல விசேட வைத்திய நிபுணரின் கருத்துத் தேவையென்றால் வேறு வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள், அதற்கான கடிதத்தைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுதிய கொப்பி, ஆசிரியரின் குறிப்பு, பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு, தவணை அறிக்கைகள், இரண்டு மூன்று பாடக் கொப்பிகள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பாடக் கொப்பிகள் நிறையச் சொல்லும். முதற் பக்கம் அழகாகவும் ஐந்தாம் பக்கம் கிறுக்கலாகவும் பத்தாம் பக்கம் வெறுமையாகவும் இருப்பதை வைத்தியர் ஒரு பார்வையிலேயே புரிந்துகொள்வார். பிள்ளை கிளினிக்கில் அமைதியாக இருந்தால் பதற வேண்டாம், புதிய இடத்தில் அரைமணிநேரம் அடங்கியிருப்பது இயல்புதான்.

இரத்தப் பரிசோதனையாலோ ஸ்கானாலோ ஏ.டி.எச்.டியைக் கண்டுபிடிக்க முடியாது. விசாரித்தும் அவதானித்தும்தான் நிர்ணயிக்கிறார்கள். ஆகவே ஒரு சந்திப்பிலேயே முடிவு வராவிட்டால் அது வைத்தியரின் அக்கறையீனம் அல்ல.

பெரியவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 12 வயதுக்கு முன் எப்படி இருந்தீர்கள் என்று வைத்தியர் கேட்பார். பழைய அறிக்கைகள் எல்லாம் இடப்பெயர்வோடு போயிருக்கும். அப்படியானால் தாயையோ, மூத்த சகோதரியையோ, அந்தக் காலத்தில் படிப்பித்த ரீச்சரையோ கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு போங்கள். கடதாசி இல்லை என்பதால் உங்கள் பிள்ளைப்பருவம் இல்லாமல் போகவில்லை.

நான்காம் படி: வீட்டை ஒழுங்குபடுத்துதல்

நிர்ணயம் வரும்வரை காத்திராமல் இதை இன்றே தொடங்கலாம். ஏ.டி.எச்.டி இல்லாத பிள்ளைக்கும் இதனால் கேடில்லை. இதன் அடிப்படை ஒன்றுதான்: பிள்ளையின் தலைக்குள் நிற்காத மூன்றை, அதாவது ஞாபகம், நேரம், தொடக்கம் ஆகியவற்றை, வேலை நடக்கும் இடத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி வெளியே வைப்பது.

சொல்லும் முறையிலிருந்து தொடங்குங்கள். "தம்பி, சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு, உடுப்பை மாத்தி, சாப்பிட்டிட்டு, பிளேட்டைக் கழுவி வைச்சிட்டு, கொப்பியை எடு" என்று குசினிக்குள் நின்று கத்தினால், அதில் ஐந்து வேலைகள் இருக்கின்றன. அவன் கேட்டது முதலாவதை, அல்லது கடைசியை. பக்கத்தில் போங்கள், தோளில் மெதுவாகக் கை வையுங்கள், அவன் உங்கள் பக்கம் திரும்பியதும் "சப்பாத்தைக் கழட்டி இதில வை" என்று மட்டும் சொல்லுங்கள். வைத்ததும் "சரி, வைச்சிட்டாய்" என்று சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள். இது நேரம் எடுக்கும் என்று தோன்றும். ஐந்து தரம் கத்தி, ஆறாம் தரம் அடித்து, பிறகு இருவரும் அழுது முடிக்கும் நேரத்தை விட இது குறைவு. ஓட்டிசம் உள்ள பிள்ளையைத் தொடுவதற்கு முன் அதற்குத் தொடுகை பிடிக்குமா என்று தெரிந்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் கண்முன்னே போய் நின்றால் போதும்.

காலை வேலைகளை நான்கைந்து படங்களாக வரைந்து கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். வரைவதில் பிள்ளையும் சேரட்டும். புத்தகப்பை, சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல் மூன்றுக்கும் வாசலருகே ஒரே இடம், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணி. இரவு படுக்க முன் பை அந்த ஆணிக்கு வந்துவிட வேண்டும்.

வீட்டுப்பாடத்துக்கு மேசை இல்லாத வீடுகளில் விறாந்தையில் ஒரு பாய் போதும், தொலைக்காட்சிக்கும் றோட்டுக்கும் முதுகு காட்டும்படி அதை விரித்துக்கொள்ளுங்கள். பத்துக் கணக்குகள் உள்ள பக்கத்தை அப்படியே திறந்து வைத்தால் பிள்ளை அதைப் பார்த்த மாத்திரத்திலேயே சோர்ந்துவிடும். ஒரு வெற்றுத்தாளால் மூடி, முதலாவது கணக்கு மட்டும் தெரியும்படி விடுங்கள். முடித்ததும் தாள் ஒரு வரி கீழே இறங்கட்டும். மூன்று கணக்கு முடிந்ததும் எழும்பிப் போய்க் கோழிக்குத் தீன் போட்டுவிட்டு வரலாம், பிறகு அடுத்த மூன்று. பத்து நிமிட வேலை, மூன்று நிமிட அசைவு என்பது தொடக்கத்துக்குப் பொருத்தமான அளவு. பிள்ளை தாங்கத் தாங்கக் கூட்டிக்கொள்ளலாம்.

பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய துணை. அந்த ஆள் பாடம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அம்மம்மா முருங்கையிலை உருவிக்கொண்டோ அரிசி புடைத்துக்கொண்டோ பேசாமல் பக்கத்தில் இருந்தால், பிள்ளை தனியே இருந்தால் செய்யாத வேலையைச் செய்து முடிக்கும். அம்மம்மா கேள்வி கேட்கத் தொடங்கினால் மட்டும் காரியம் கெடும்.

பரிசு பற்றி ஒன்று. "ஓ.எல். பாஸ் பண்ணினால் மோட்டச் சைக்கிள்" என்ற வாக்குறுதி இந்த மூளையில் எதையும் அசைக்காது, தூரத்தில் இருக்கும் பயனுக்கு அங்கே வலு மிகக் குறைவு. "இந்த மூன்றும் முடிய பத்து நிமிசம் பந்து" என்பது அசைக்கும். பரிசு சிறிதாக, உடனடியாக, சொன்னபடி கிடைக்க வேண்டும். பாராட்டும் அப்படித்தான்: "கெட்டிக்காரன்" என்பதை விட, "ஐஸ்கிறீம் வாகனம் போன நேரமும் எழும்பாமல் எழுதினாய், நான் பார்த்தனான்" என்பது பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

அடி உதவாது. முழங்காலில் நிறுத்துவதும் உதவாது. அடிக்குப் பயந்த பிள்ளையின் கவனம் அடி எப்போது விழும் என்பதில் இருக்குமே தவிர, கணக்கில் இருக்காது. பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கையே சொல்கிறது, வீட்டுக்கும் அதுவே பொருந்தும்.

நித்திரை, ஓட்டம், சாப்பாடு மூன்றும் சீராக இருக்கட்டும். மாலையில் வியர்க்க விளையாடிய பிள்ளை இரவில் இலகுவாக அடங்கும். படுப்பதற்கு ஒரு மணிநேரம் முன் தொலைபேசியை எடுத்துவிடுங்கள், பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஞாபகசக்திக்கு என்று விற்கப்படும் மா வகைகளுக்கும் பாணிகளுக்கும் காசைச் செலவழிக்க வேண்டாம். கோவிலில் நூல் கட்டுவதால் தாயின் மனம் ஆறுமென்றால் கட்டட்டும், கிளினிக் திகதி மட்டும் தவறக்கூடாது.

ஐந்தாம் படி: வகுப்பறை

நம் பாடசாலைகள் பலவற்றில் ஒரே மண்டபத்தை அரைச்சுவராலோ பலகையாலோ பிரித்து இரண்டு மூன்று வகுப்புகள் நடக்கின்றன. பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு இங்கே கேட்கும், தகரக் கூரையில் மழை பெய்தால் ஆசிரியரின் குரலே கேளாது. மற்றப் பிள்ளைகள் இவற்றை வடிகட்டிவிடுவார்கள், நாம் பேசும் பிள்ளைக்கு எல்லாம் ஒரே சத்தத்தில் உள்ளே வரும். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு அது உடம்பில் பட்ட வலி போலவே இருக்கும். எனவே இந்தப் பிள்ளையை முன் வரிசையில், வாசலுக்கும் தடுப்புக்கும் விலகி, அமைதியான ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்துங்கள். தண்டனையாக இருத்தியதுபோல் தோன்றாதபடி அதைச் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு பாடவேளையிலும் ஒருமுறையாவது அந்தப் பிள்ளைக்கு எழும்ப ஒரு நியாயமான வேலை கொடுங்கள்: கரும்பலகை துடைப்பது, கொப்பி சேர்ப்பது, அலுவலகத்துக்கு இடாப்புக் கொண்டுபோவது. கரும்பலகையில் இருப்பதை முழுவதும் பார்த்தெழுதச் சொல்லாமல், ஒரு பகுதியை அச்சிட்டுக் கொடுத்து மிகுதியை எழுதச் சொல்லலாம். வீட்டுப்பாடம் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று மணி அடிக்க முன் பார்த்து ஒரு கையெழுத்து வைத்தால், வீட்டில் நடக்கும் சண்டையில் பாதி குறையும். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு மாறப்போவதை ஐந்து நிமிடம் முன்பே சொல்லி, "இந்த வரி முடிய நிப்பாட்டுவம்" என்று ஒரு முடிவிடத்தைக் காட்டுங்கள். நடுவில் கொப்பியைப் பறிக்க வேண்டாம்.

புலமைப்பரிசில், சாதாரண தரம் போன்ற பொதுப் பரீட்சைகளில் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகள் மேலதிக நேரம் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். வைத்திய அறிக்கையோடு அதிபர் ஊடாக, பரீட்சைக்கு வெகு முன்பே அதைச் செய்ய வேண்டும் என்பதால், அந்த ஆண்டின் முதலாம் தவணையிலேயே அதிபரைச் சந்தியுங்கள். வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடமும் கேட்கலாம்.

மருந்து பற்றி

எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோருக்கான பயிற்சியே முதல் வழி என்பது வைத்திய வழிகாட்டல்களின் பொதுவான கருத்து. அதற்கு மேற்பட்ட வயதில், சிரமம் படிப்பையும் உறவுகளையும் குலைக்கும் அளவில் இருந்தால், விசேட வைத்திய நிபுணர் மருந்தை யோசிப்பார். அதிகம் ஆராயப்பட்டது மீதைல்பெனிடேட். சாதாரண வகை மாத்திரை அரைமணி முதல் ஒருமணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, ஏறத்தாழ நான்கு மணிநேரத்தில் ஓய்ந்துவிடும். ஆகவே எந்த நேரத்தில் கொடுப்பது என்பது முக்கியம். பசி குறைதல், நித்திரை பிந்துதல், வயிற்றுநோ, தலையிடி ஆகியவை வழமையாகக் காணப்படும் பக்க விளைவுகள். எனவே காலைச் சாப்பாட்டை மாத்திரைக்கு முன் கொடுங்கள், இரவில் பசி திரும்பும்போது வயிறாரக் கொடுங்கள். நிறை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கிளினிக்கில் ஒழுங்காக அளக்க வேண்டும். குடும்பத்தில் இதய நோயோ, இளவயதில் திடீர் மரணமோ இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அற்றொமொக்செற்றின் என்ற வேறுவகை மருந்து தன் பயனைக் காட்டச் சில வாரங்கள் எடுக்கும், முதல் வாரத்தில் மாற்றமில்லை என்று அதை நிறுத்தக்கூடாது.

மருந்து கவனத்தைத் திருப்ப உதவுமே தவிர, ஆணியில் பையை மாட்டப் பழக்காது. வீட்டு ஒழுங்கும் அதனோடு தொடர வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய மாத்திரையை உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பது ஆபத்து.

பெரியவர்களுக்கு

ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளைகளில் பலருக்கு அது வளர்ந்த பின்னும் தொடர்கிறது. துடியாட்டம் அடங்கி, உள்ளுக்குள் ஓர் அந்தரமாக மாறியிருக்கும். தண்ணி முறை வந்த இரவில் வாய்க்கால் திறக்க மறந்தவர், ஒரே நாளில் வேலி அடைக்கவும் மோட்டர் கழற்றவும் தொடங்கி இரண்டையும் முடிக்காதவர், அடையாள அட்டையை அடிக்கடி தொலைப்பவர், கரண்ட் பில்லுக்குக் காசு இருந்தும் சிவப்பு அறிவித்தல் வரும்வரை கட்டாதவர் என்று நம் ஊர்களில் எத்தனையோ பேர் "பொறுப்பில்லாதவர்" என்ற பெயரோடு வாழ்கிறார்கள்.

இவர்களுக்கும் முறை அதேதான். நாட்கடமைகளைத் தொலைபேசியில் அலாரமாக வையுங்கள். ஒரு வேலைக்கு இரண்டு அலாரங்கள் தேவை, ஆயத்தமாக ஒன்று, வீட்டை விட்டு வெளிக்கிட இன்னொன்று. அலாரம் அடிக்கும்போது எழுந்து நின்ற பிறகே அதை நிறுத்துவது என்று பழகிக்கொள்ளுங்கள். இருந்தபடி நிறுத்தினால் அத்தோடு மறந்துவிடும். நெல்லுக் காசோ சம்பளமோ கைக்கு வந்த அன்றே கட்ட வேண்டியவற்றைக் கட்டிவிடுங்கள். புதிய கடன் பத்திரத்தில் அன்றைக்கே கையெழுத்து வைக்காமல், ஓர் இரவு கழிய விடுவதை விதியாக்குங்கள், அவசரத்தில் ஒப்பமிட்ட நுண்கடன்களால் இங்கே நொந்த குடும்பங்கள் அதிகம். பெரிய வேலையை அடுத்த கையசைவாகச் சுருக்குங்கள். "மோட்டர் திருத்துவது" என்று எழுதி வைத்தால் அது அப்படியே கிடக்கும். "ஸ்பானரை எடுத்து மோட்டருக்குப் பக்கத்தில் வைப்பது" என்று எழுதினால் கை தொடங்கும்.

ஞாபகப்படுத்தும் வேலையை மனைவியின் தலையில் போட வேண்டாம். அது இரண்டு மாதத்தில் சண்டையாகிவிடும். சுவரும் தொலைபேசியும் ஞாபகப்படுத்தட்டும், மனைவி துணையாக இருக்கட்டும். மோட்டார் சைக்கிளில் போகும்போது தொலைபேசி பைக்குள் இருக்க வேண்டும். கவனச் சிரமம் உள்ளவர்களுக்கு வீதி விபத்து ஆபத்து அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன, ஏ-9 வீதியில் ஒரு கணப் பிராக்கு உயிரை எடுத்துவிடும். பல ஆண்டுத் திட்டும் தோல்வியும் சேர்ந்து மனச்சோர்வாகி, குடியை நாடவோ வாழ்க்கையே வேண்டாம் என்று எண்ணவோ வைத்தால், அதைத் தனியே சுமக்காமல் வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கோ 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்துக்கோ அன்றே பேசுங்கள்.

கடைசிப் படி: தவணைக்கொரு முறை பார்த்துத் திருத்துதல்

ஒரு தந்திரம் இரண்டு மாதம் நன்றாக வேலை செய்து பிறகு மங்கிவிடுவது இந்த மூளைக்கு இயல்பு, புதுமை போனதும் பிடியும் தளரும். படங்களை வேறு நிறத்தில் வரையுங்கள், பரிசை மாற்றுங்கள், இடத்தை மாற்றுங்கள், அடிப்படையை மட்டும் மாற்ற வேண்டாம். ஒவ்வொரு தவணை முடிவிலும் பழைய சி.ஆர். கொப்பியை எடுத்து, ஒரு சாதாரண வாரத்தை மறுபடி எழுதி, முன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதிய வரிகள் மூன்றிலிருந்து எட்டாகியிருந்தால் அது முன்னேற்றம், தவணைப் புள்ளி ஏறாவிட்டாலும் அது முன்னேற்றம்தான்.

புதிய ஆண்டில் வகுப்பாசிரியர் மாறும்போது, கடந்த ஆண்டு கண்டறிந்தது எல்லாம் பழைய ஆசிரியரோடு போய்விடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். முதல் வாரத்திலேயே ஒரு பக்கக் கடிதம் ஒன்றைப் புதிய ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பிள்ளைக்கு எது பிடிக்கும், எந்த இடத்தில் இருத்தினால் நல்லது, ஒரு தரத்தில் எத்தனை வேலை சொல்லலாம், எந்தச் சத்தம் அதைக் குழப்பும், குழம்பினால் எப்படி ஆற்றுவது, மாத்திரை எத்தனை மணிக்கு, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பவை அதில் இருக்கட்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையென்றால், அந்தக் கடிதத்தை எழுத முன் பிள்ளையையும் இருத்தி, "ரீச்சருக்கு உன்னைப் பற்றி என்ன தெரிஞ்சிருக்க வேணும்?" என்று கேட்டு, அது சொல்வதை அதன் வார்த்தையிலேயே முதல் வரியாக எழுதுங்கள்.